செல்போனிடம் பேசினால் ஆங்கிலம் வருமா?

ஒரு பாடவேளை 45 நிமிடம். வகுப்பில் 40 பேர். ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்காமல், கரும்பலகைப் பக்கம் திரும்பாமல், வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் ஒரு மாணவருக்குப் பேசக் கிடைப்பது ஒரு நிமிடம். நடைமுறையில் அந்த ஒரு நிமிடமும் கிடைப்பதில்லை. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை பத்தாண்டுகளுக்கு மேல் ஆங்கிலப் பாடம் படித்திருக்கிறது. தன் வாயால், தன் சொந்த வாக்கியமாக அது ஆங்கிலம் பேசிய நேரத்தை எல்லாம் கூட்டினால் ஒரு சினிமா ஓடும் நேரமாவது தேறுமா என்பது சந்தேகம்தான்.

தருமபுரி மாவட்டத்தில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாக இருந்தபோது தருமபுரியின் எழுத்தறிவு 68.54. தமிழ்நாட்டிலேயே கடைசி இடம். மக்களில் ஆறில் ஐந்து பேர் கிராமங்களில் இருந்தார்கள். ஆனால் இது மொழி வராத ஊர் இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் எல்லைப் பகுதி இது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துச் சந்தைகளில் ஒரே வியாபாரி மூன்று மொழியிலும் பேரம் பேசுவதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர் ஆறே மாதத்தில் கன்னடம் பேசித் திரும்புகிறார். அவருக்கு யாரும் இலக்கணம் நடத்தவில்லை. பேச ஆள் இருந்தது, பேச வேண்டிய தேவையும் இருந்தது. ஆங்கிலத்துக்கு இங்கே இரண்டுமே இல்லை. தேவை ஒரே நாளில், நேர்முகத் தேர்வு அறையில் வந்து நிற்கும்.

இந்த இடத்தில்தான் வீடியோ பதிவு ஒரு வழியாகப் பேசப்படுகிறது. மாணவர் தன் செல்போன் முன் நின்று, தன் ஊரைப் பற்றியோ தான் பார்த்ததைப் பற்றியோ இரண்டு மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்கிறார். வாரம் ஒன்று, அல்லது இரு வாரத்துக்கு ஒன்று. ஆசிரியரும் உடன் படிப்பவர்களும் அதைப் பார்க்கிறார்கள். யூடியூப்பில் வ்லாக் என்று எல்லோரும் பார்ப்பதுதான், இங்கே வீட்டுப்பாடமாகிறது. உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள், ஆய்வுகளும் நிறைய வந்துவிட்டன. அந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன, அதில் எது தருமபுரிக்குப் பொருந்தும் என்பதுதான் இங்கே கேள்வி.

பேச வைக்கும் முயற்சி நமக்குப் புதிதல்ல. சென்னை மாநிலத்தில் 1952இல் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் பாடத்திட்டம் வந்தது. 1959இல் அதை ஆசிரியர்களிடம் கொண்டுசேர்க்கப் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஒரு பெரிய பயிற்சி இயக்கம் தொடங்கியது. முதலில் ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி, அவர்கள் அடுத்தவர்களுக்கு, அவர்கள் இன்னும் பலருக்கு என்று பெருகும் திட்டம் என்பதால் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. பனியே பார்க்காத ஊருக்குப் பனிப்பந்து! பந்து உருள உருளப் பெருத்தது உண்மை, உள்ளே இருந்த சரக்கு கரைந்துகொண்டே போனதும் உண்மை. கடைசி ஆசிரியரிடம் வந்தபோது அது மறுபடியும் கூட்டமாக வாக்கியம் ஒப்பிப்பதாக ஆகியிருந்தது.

அடுத்து என். எஸ். பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய இவர் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில பள்ளிகளில் நடத்திய சோதனை, மொழி கற்பித்தல் வரலாற்றில் 'பெங்களூர் புராஜெக்ட்' என்று உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம், சின்னக் கணக்கு என்று வேலைகளைக் கொடுத்து, அவற்றைச் செய்து முடிக்கும் போக்கில் ஆங்கிலம் வரட்டும் என்பது அவர் கொள்கை. 1987இல் புத்தகமாகவும் எழுதினார். இன்று பல நாடுகளில் நடக்கும் செயல்வழி மொழி கற்பித்தலுக்கு முன்னோடிகளில் ஒன்று நம் வாசலில் நடந்தது. நம் பாடநூலில் அதன் நிழல்தான் விழுந்தது.

பிறகு வந்தவை எல்லோருக்கும் தெரியும். 2011 செப்டம்பரில் இலவச மடிக்கணினி, அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள், உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள், 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2022 மார்ச்சில் நான் முதல்வன். நான் முதல்வன் திட்டத்தில் கலை அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கும் ஆங்கிலப் பயிற்சியும் கேம்பிரிட்ஜ் தேர்வும் வந்தன. கருவி இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே. பன்னிரண்டில் 90 எழுத்துக்கு, மீதி 10 வருகை, சிறு தேர்வு, ஒப்படைப்பு போன்ற அகமதிப்பீட்டுக்கு. பேசத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மதிப்பெண் ஒன்றுதான் என்றால், பேச வைக்க எந்த ஆசிரியர் நேரம் ஒதுக்குவார்?

மாணவர் பேசும் வீடியோவுக்கு ஊரறிந்த உதாரணங்கள் இரண்டு உண்டு. ஒன்று விழுப்புரம் மாவட்டம் கந்தாடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அங்கே ஆசிரியை அன்னபூர்ணா மோகன் தன் நகையை விற்று மூன்றாம் வகுப்பறையை மாற்றியமைத்த செய்தி 2017இல் எங்கும் பேசப்பட்டது. நகைச் செய்தி பெரிதாகப் பேசப்பட்ட அளவுக்கு மற்றொன்று பேசப்படவில்லை. ஒலிகளைப் பழக்கி, நடித்துக் காட்டிப் பேசவைத்து, பிள்ளைகள் பேசும் வீடியோக்களை அவர் முகநூலில் தொடர்ந்து போட்டுவந்தார். தன் பிள்ளை ஆங்கிலம் பேசுவதைப் பார்க்க முடிகிறது என்பது பெற்றோருக்குப் புதிது. தேர்ச்சி அட்டையில் இருக்கும் எண் தராத நம்பிக்கையை அது தரும்.

இரண்டாவது ஆந்திரத்தின் காக்கிநாடா மாவட்டத்துப் பெண்டபூடி அரசு உயர்நிலைப் பள்ளி. 2022இல் அந்தப் பள்ளி மாணவிகள் அமெரிக்கப் பாணி உச்சரிப்பில் பேசிய வீடியோக்கள் பரவின. அதே ஆண்டு முதலமைச்சர் அவர்களை நேரில் அழைத்துப் பேசினார். கைதட்டலோடு கேலியும் வந்தது. உச்சரிப்பைக் கிண்டல் செய்து, பேசியதைத் துண்டு துண்டாக வெட்டி ஓட்டினார்கள். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு மொழியைப் பழகும்போது செய்யும் பிழை ஊர் முழுக்கச் சுற்றுவது என்ன நியாயம்? அந்தப் பிள்ளைகள் தைரியசாலிகள். எல்லாப் பிள்ளைகளிடமும் அந்தத் தைரியத்தை எதிர்பார்க்கக் கூடாது. பொதுவெளியில் போடுவது கற்பித்தலின் ஒரு பகுதியா என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆய்வுகளுக்குப் போகலாம். இந்தத் துறையில் தைவான் முன்னே நிற்கிறது. யூ-சி சுன் என்பவர் 2009இல் மாணவர்களைக் குரல் பதிவுகளாக நாட்குறிப்பு எழுதவைத்தார், அதாவது பேசவைத்தார். ஒரு பதிவுக்கு முன்னும் பின்னும் மாணவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். யோசிக்கிறார்கள், குறிப்பு எடுக்கிறார்கள், பேசுகிறார்கள், கேட்டுப் பார்க்கிறார்கள், பிடிக்காவிட்டால் மறுபடி பேசுகிறார்கள். 2010இல் ஷி ரூ-சூ மேடைப் பேச்சு வகுப்பில் வீடியோ பதிவைக் கலந்தார். 2011இல் ஹங் ஷாவோ-டிங் தொழில்சார் ஆங்கிலம் படிப்பவர்களிடம் வீடியோ பதிவு பற்றிக் கருத்துக் கேட்டார். மாணவர்கள் மகிழ்ச்சியோடுதான் சொன்னார்கள்: தன்னைத் தானே பார்க்க முடிகிறது, பயம் குறைகிறது. சிரமம் என்று சொன்னவை தொழில்நுட்பத் தொல்லையும் நேரமும்.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிற கட்டுரைகள்தான் அதிகம். இந்தோனேசியா, சவூதி, இந்தியா என்று பல நாடுகளிலிருந்தும் வரும் வ்லாக் ஆய்வுகளில் பெரும்பகுதி ஒரு வகுப்பு, ஒரு பருவம், ஒரு கேள்வித்தாள் என்ற அளவில் நின்றுவிடுகிறது. 'உங்கள் தன்னம்பிக்கை கூடியதா?' என்று கேட்டால், தன் ஆசிரியர் நடத்தும் ஆய்வில் எந்த மாணவர் இல்லை என்பார்?

அதனால்தான் அதே சுன் 2012இல் வெளியிட்ட இரண்டாவது ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பருவம் முழுக்கக் குரல் பதிவு செய்த மாணவர்களின் முதல் மூன்று பதிவுகளையும் கடைசி மூன்று பதிவுகளையும் எடுத்து ஒப்பிட்டார். உச்சரிப்பு, சரளம், பிழையின்மை, வாக்கியச் செறிவு நான்கிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. மாணவர்களோ தங்கள் பேச்சு நன்றாக முன்னேறிவிட்டது என்று சொன்னார்கள். தன் முந்தைய ஆய்வின் மகிழ்ச்சியைத் தானே உரசிப் பார்த்து, கிடைத்த விடையை மறைக்காமல் அச்சிட்ட நேர்மையை முதலில் பாராட்ட வேண்டும். அடுத்து, அந்த விடையை விளங்கிக்கொள்ள வேண்டும். நிறையப் பேசினால் மட்டும் போதாது. பேசும் துணிவு முதலில் வந்துவிடுகிறது, பேச்சின் தரம் தானாகப் பின்னால் வருவதில்லை.

தரம் எப்போது வருகிறது? இதற்குப் பதில் வேறொரு வரிசை ஆய்வுகளில் இருக்கிறது. வீடியோவைப் பற்றி அவை ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. மார்ட்டின் பைகேட் ஒரே கதையை ஒரே ஆளை மறுபடி சொல்லவைத்துப் பார்த்தார். இரண்டாம் முறை சொல்லும்போது பேச்சு தெளிகிறது, வாக்கியம் நீள்கிறது, சொல் தேடும் திண்டாட்டம் குறைகிறது. முதல் முறை மூளை என்ன சொல்வது என்று தேடுவதிலேயே செலவாகிவிடுகிறது. இரண்டாம் முறை அந்தச் சுமை இல்லை, எப்படிச் சொல்வது என்பதில் கவனம் போகிறது. ஆனால் 2001இல் வந்த அவரது விரிவான ஆய்வில், அந்தப் பலன் பழகிய வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, புதிய வேலைக்கு அவ்வளவாகக் கைமாறவில்லை.

நியூசிலாந்தின் பால் நேஷன் பிரபலமாக்கிய 4/3/2 பயிற்சியும் இதே அடிப்படைதான். ஒரே விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று நிமிடம், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடம் என்று சுருக்கிக்கொண்டே பேசுவது. 2011இல் நெல் டி யோங், சார்லஸ் பெர்ஃபெட்டி இருவரும் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசியது, மற்றொரு குழு ஒவ்வொரு முறையும் புதிய தலைப்பில் பேசியது. பயிற்சி நேரத்தில் இரண்டுக்கும் சரளம் கூடியது. பிறகு முற்றிலும் புதிய தலைப்பு கொடுத்தபோது, திரும்பப் பேசிய குழுவிடம்தான் சரளம் தங்கியிருந்தது. பைகேட்டுக்கும் இவர்களுக்கும் இடையில் உரசல் இருப்பது தெரிகிறது. ஒரு முறை திரும்பச் சொல்வதற்கும், நாள்கணக்கில் நெருக்கி நெருக்கித் திரும்பச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

இதை வைத்துக்கொண்டு வீடியோ வீட்டுப்பாடத்தைத் திரும்பிப் பாருங்கள். பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கல்லூரி மாணவர் ஒகேனக்கல் பரிசல் ஓட்டுகிறவர்களைப் பற்றி இரண்டு நிமிடம் பேச முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை இருபது வினாடியில் நின்றுவிடுகிறது. அழிக்கிறார். இரண்டாம் முறை ஒரு நிமிடம் வரை போகிறது, 'ஹி கோ' என்று சொன்னது காதில் உறுத்துகிறது. அழிக்கிறார். நான்காம் முறை பரிசலைத் தோலால் போர்த்துவதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிற்கிறார். அகராதி பார்க்கிறார், அல்லது சுற்றி வளைத்துச் சொல்லும் வழியைக் கண்டுபிடிக்கிறார். ஆறாவது பதிவை அனுப்புகிறார். ஆசிரியருக்கு வந்து சேர்வது ஆறாவது மட்டும். கற்றது முழுக்க நடந்தது அழித்த ஐந்தில்.

வீடியோ பதிவின் பயன் அனுப்பிய வீடியோவில் இல்லை, அழித்த வீடியோக்களில் இருக்கிறது என்பதே இவ்வளவையும் படித்தபின் நான் வந்து சேரும் இடம். கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த பிள்ளைகளைப் பார்த்து மெரில் ஸ்வெயின் 1985இல் சொன்னதும் இதையொட்டியதுதான். ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொண்டும் அந்தப் பிள்ளைகளின் பேச்சில் ஓட்டைகள் இருந்தன. சொல்ல முயன்று, முடியாமல் நிற்கும்போதுதான் தனக்கு எது தெரியாது என்று தெரிகிறது. வகுப்பில் அப்படி நிற்பது அவமானம். செல்போன் முன் நிற்பதை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் நம் ஊரில் இந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மனப்பாடம். கட்டுரையை எழுதி, உருப்போட்டு, ஒரே மூச்சில் ஒப்பித்துப் பதிவு செய்தால் மூன்றே முறையில் வேலை முடிந்துவிடும். வீடியோ பார்க்க அருமையாக இருக்கும், சரளத்துக்கு முழு மதிப்பெண்ணும் விழும். இப்போது கட்டுரையை எழுதக்கூட வேண்டாம், சாட்ஜிபிடி எழுதித்தரும். பார்த்துப் படிக்க இன்னொரு செல்போன் போதும். கண் இடமிருந்து வலமாக ஓடுவதைப் பார்த்தே ஆசிரியர் கண்டுபிடித்துவிடலாம் என்பது வேறு விஷயம். கண்டுபிடித்துத் திட்டுவதைவிட வேலையை அமைக்கும் விதத்திலேயே இதைத் தவிர்ப்பது நல்லது. குறிப்புக்கு ஐந்தாறு சொற்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம், வாக்கியம் எழுதக் கூடாது. முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் இரண்டையும் அனுப்ப வேண்டும். மதிப்பெண் கடைசிப் பதிவின் அழகுக்கு இல்லை, இரண்டுக்கும் இடையில் நகர்ந்த தூரத்துக்கு. முதல் பதிவு எவ்வளவு கேவலமாக இருக்கிறதோ அவ்வளவு லாபம் என்று ஆகிவிட்டால், பிள்ளைகள் அதை வேண்டுமென்றே கெடுக்கவும் செய்வார்கள். அதை ஆசிரியர் சிரித்துக்கொண்டே கண்டுபிடிக்கலாம்.

எதைப் பற்றிப் பேசுவது என்பதிலும் நாம் கோட்டை விடுகிறோம். உலக வெப்பமயமாதல், சமூக ஊடகத்தின் நன்மை தீமை, என் லட்சியம் என்று தலைப்புக் கொடுத்தால் மனப்பாடத்துக்கு அழைப்பு விடுத்தது போலத்தான். அதைப் பற்றி மாணவருக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் விலை எப்படி ஏறுகிறது இறங்குகிறது, தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூட்டைப் பார்த்து எப்படித் தரம் சொல்கிறார்கள், சித்தேரி மலையில் சாமை எப்போது விதைக்கிறார்கள், தருமபுரி அருங்காட்சியகத்து நடுகல்லில் யார் எதற்காகச் செத்தார், அக்கா திருப்பூர் பனியன் கம்பெனியில் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் பிள்ளையிடம் சரக்கு இருக்கிறது. மொழி ஆய்வாளர் பீட்டர் ஸ்கீஹன் போன்றவர்கள் காட்டியதும் இதுதான்: பேச்சில் சரளம், பிழையின்மை, செறிவு மூன்றும் ஒரே கவனத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. விஷயம் தெரிந்திருந்தால், யோசிக்கக் கொஞ்சம் நேரமும் கிடைத்தால், மொழிக்கு அதிகப் பங்கு கிடைக்கும். பரிசல் என்ற சொல்லை அப்படியே சொல்லி அது என்ன என்று ஆங்கிலத்தில் விளக்கட்டும். வெளியூர் ஆளிடம் பேசும்போது நாமெல்லாம் செய்வது அதைத்தானே.

இதிலேயே இன்னொரு நல்ல வேலை இருக்கிறது. மண்டிக்காரரிடம் தமிழிலோ தெலுங்கிலோ பேட்டி எடுத்து, அவர் சொன்னதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வது. மாணவர் பிற்காலத்தில் பெங்களூரிலோ ஓசூரிலோ வேலைக்குப் போனால் அன்றாடம் செய்யப்போவது இந்த வேலைதான். மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தொழிலாளிக்கும், தொழிலாளி சொன்னதை மேலேயும் கொண்டுபோவது. கிராமத்து ஆள் கேமரா முன் தன் பேச்சிலேயே பேசினால் உலகம் கேட்கும் என்பது இந்தத் தலைமுறைக்குத் தெரியாததும் அல்ல. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் ஆனது.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஐதராபாத்தில் சுகதா மித்ராவும் உடன் பணியாற்றியவர்களும் நடத்தி 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைச் சிறுவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். தாங்கள் பேசுவது கணினிக்குப் புரியும்வரை பேசிப் பழகிக்கொள்ளுங்கள் என்று விட்டதில், உச்சரிப்பு தானாகத் திருந்தியது. இன்று அந்த மென்பொருள் ஒவ்வொரு செல்போன் விசைப்பலகையிலும் மைக் படமாக உட்கார்ந்திருக்கிறது. 2022 ஜூனில் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் கூகுளின் ரீட் அலாங் செயலியை வைத்து வாசிப்பு மாரத்தான் நடந்ததும் இந்த வழியில்தான். மாணவர் பேசியதைச் செல்போன் என்னவென்று எழுதுகிறது என்று பார்த்தாலே, 'கே' (k) ஒலியும் 'ஜி' (g) ஒலியும் ஒன்றாகிவிடுவது, 'ஃபேன்' என்பது 'பேன்' ஆவது, சொல் முடிவில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்வது எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அதற்குமேல் அமெரிக்காக்காரர் போலப் பேச வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கேட்பவருக்குப் புரிந்தால் போதும்.

சரி, செல்போன் யாரிடம் இருக்கிறது? கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, இடையில் உயர்வகுப்புகளுக்குக் கொஞ்ச நாள் திறந்தது போக, ஒன்பது முதல் பன்னிரண்டு வகுப்புகளுக்கு 2021 செப்டம்பரிலும் மற்றவர்களுக்கு நவம்பரிலும் திறக்கும் வரை, வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்புவதை எல்லோரும் பழகிவிட்டார்கள். கருவி வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் யார் கையில் என்பதற்கு ஏசர் அமைப்பின் 2023 அறிக்கை ஒரு கணக்குத் தருகிறது. நாட்டின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுவரை உள்ளவர்களில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 விழுக்காட்டினரிடம் சொந்தப் போன் இருக்கிறது, பெண்களில் 19.8 விழுக்காட்டினரிடம்தான். பெண்பிள்ளைக்குக் கிடைப்பது அப்பாவின் போன், அதுவும் அவர் வேலை முடிந்து வந்தபின். பெங்களூரில் தங்கி வேலை பார்க்கும் அப்பாவின் போன் வாரக் கடைசியில்தான் வரும். இரவு ஒன்பது மணிக்கு, டிவி ஓடும் கூடத்தில், தம்பி தங்கை சிரிக்க, பாட்டி 'யார்கிட்ட பேசற?' என்று கேட்க, ஒரு பெண் கேமரா முன் ஆங்கிலம் பேச வேண்டும். ஆறு முறை அழித்து அழித்துப் பேசும் ஆடம்பரம் அவளுக்கு இல்லை. வீட்டுப்பாடமாக விட்டுவிட்டால் இந்த முறை வசதி உள்ளவனுக்கு இன்னும் வசதி செய்துகொடுக்கும், அவ்வளவுதான்.

ஆகவே பதிவு நடக்க வேண்டிய இடம் கல்லூரி வளாகமும் பள்ளி ஆய்வகமும்தான். பள்ளி மாணவர் வகுப்புக்குச் செல்போன் கொண்டுவர முடியாது, கொண்டுவரச் சொல்லவும் வேண்டாம். ஆய்வகக் கணினியில் மைக் இருக்கிறது. முகம் தேவையில்லாத இடத்தில் குரல் மட்டும் போதும். சுன் செய்ததும் குரல் பதிவுதானே. குரலுக்கு டேட்டா கொஞ்சமாகத்தான் ஆகும், மலைக்கிராமத்து அரைகுறை சிக்னலிலும் போய்ச் சேரும், பெற்றோரும் தடுக்கமாட்டார்கள். முகத்தோடு பேசும் பழக்கம் கல்லூரியின் இறுதியாண்டில் வேண்டும், ஏனென்றால் எதிரே ஆள் இல்லாமல் கேமராவிடம் பதில் சொல்லும் நேர்முகத் தேர்வுகளைப் பல நிறுவனங்கள் இப்போது வைக்கின்றன.

பொதுவெளியில் போடலாமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதே. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் தரவுக்குப் பெற்றோரின் உறுதிசெய்யப்பட்ட ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பார்வையாளர் எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் மாணவர் பேச்சைப் பழகுவதை நிறுத்திவிட்டு எடிட்டிங்கைப் பழகத் தொடங்குவார். பின்னணி இசை வரும், ஸ்லோமோஷன் வரும், ஆங்கிலம் குறையும். பிழையோடு பேச அனுமதி வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே. பிழையை ஊருக்குக் காட்டச் சொன்னால் யாரும் தெரியாத வாக்கியத்தை முயன்று பார்க்கமாட்டார்கள். கூச்சத்துக்குக் காரணம் பார்வையாளர் மட்டுமல்ல. தன் குரலைப் பதிவில் கேட்கும்போதே எல்லோருக்கும் ஒரு கூச்சம் வரும். நம் குரல் நமக்கு எலும்பு வழியாகவும் கேட்கிறது, பதிவில் அது இல்லாததால் மெல்லியதாய், யாரோ பேசுவது போல ஒலிக்கிறது. இதை முதல் நாளே ஆசிரியர் சொல்லிவிட்டால் பாதிக் கூச்சம் போய்விடும்.

ஆசிரியரின் நேரத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் புளித்துப்போன ஆலோசனையாகிவிடும். 60 பேர் வகுப்பு, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம் வெறுமனே கேட்கவே ஆகும். நான்கு வகுப்பு எடுப்பவருக்கு எட்டு மணி நேரம். எல்லாவற்றையும் கேட்கத் தேவையில்லை. வாரம் பதினைந்து பேர் என்று முறைவைத்துக் கேட்கலாம், மற்றவர்கள் மூன்று மூன்று பேராகத் தங்களுக்குள் கேட்கட்டும். 'சூப்பர்', 'செம' என்று எழுதுவதைத் தடுக்க, கேட்டவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும், பேசியவர் அதற்குப் பதிலைப் பேச்சாகவே அனுப்ப வேண்டும் என்று வைக்கலாம். தனியாளாகப் பேசுவது உரையாடல் ஆகாது என்பது இந்த முறையின் மேல் உள்ள நியாயமான குற்றச்சாட்டு. எதிராளி புருவம் உயர்த்துவதைப் பார்த்து வாக்கியத்தை மாற்றும் திறமை கேமராவிடம் வராது. கேள்வியும் பதிலும் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும், முழுக்க ஈடுகட்டாது.

திருத்துவதிலும் சிக்கனம் வேண்டும். ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும் 1997இல் கனடா வகுப்பறைகளைப் பதிவு செய்து ஆராய்ந்ததில், ஆசிரியர்கள் செய்த திருத்தத்தில் பாதிக்கும் மேல் மாணவர் தவறாகச் சொன்னதைச் சரியாகத் திருப்பிச் சொல்வதாகவே இருந்தது. மாணவர்கள் மிகக் குறைவாகக் கவனித்ததும் அதைத்தான். 'எங்கே தவறு என்று நீயே கேட்டுப் பார்' என்று திருப்பி அனுப்பும்போது பலன் கூடுதல். பதிவு இருப்பதால் இது எளிது. ஒரு நிமிடம் பத்தாவது வினாடியை மறுபடி கேள் என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். பத்துப் பிழைகளையும் சிவப்பு மையில் பட்டியல் போட்டால் அடுத்த பதிவு வராது.

எழுத்துத் தேர்வின் அமைப்பை மாற்றுவது சென்னையில் முடிவாக வேண்டிய விஷயம். அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலை அறிவியல் கல்லூரிகளில் 25 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கு இருக்கிறது, அதில் ஒரு பகுதி அசைன்மெண்டுக்கு. அந்த அசைன்மெண்டில் பெரும்பாலும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதுகிறார், ஆசிரியர் கையெழுத்துப் போடுகிறார், கட்டுகள் பரணுக்குப் போகின்றன. தருமபுரி, அரூர், பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்துக் கல்லூரிகளில் முதலாண்டு பொது ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களிடம் கேட்பது இது ஒன்றுதான்: வரும் பருவத்தில் ஓர் எழுத்து அசைன்மெண்டை எடுத்துவிட்டு, அந்த மதிப்பெண்ணைப் பேச்சுக்குக் கொடுங்கள். முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் சேர்த்து வாங்குங்கள். பருவத் தொடக்கத்தில் பதிவு செய்ததைப் பருவ முடிவில் மறுபடி அதே தலைப்பில் பேசச் சொல்லி, இரண்டையும் வேறொரு கல்லூரி ஆசிரியரிடம் எது முந்தியது என்று சொல்லாமல் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அவர் எது பிந்தியது என்று சரியாகச் சொல்லிவிட்டால் முறை வேலை செய்கிறது. சொல்ல முடியாவிட்டால், மாணவர்கள் கேள்வித்தாளில் என்ன எழுதினாலும் முறையை மாற்ற வேண்டும்.